கிராம் பார்சன்ஸ்: கன்ட்ரி ராக் என்பது உண்மையில் என்ன?

2025 பிப்ரவரியில் கறுப்பின பாப் நட்சத்திரம் பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. சில மாதங்களுக்கு முன்பு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் நடந்த கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகளில் அதே ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. பிறகு 2025 ஜூனில் கிராமி அமைப்பு, இருந்த பிரிவைச் 'சமகாலக் கன்ட்ரி' என்று பெயர் மாற்றி, 'மரபுக் கன்ட்ரி' என்று இன்னொன்றைப் புதிதாகத் தொடங்கியது. செய்தியைப் படித்த பலருக்கும் குழப்பம். எது கன்ட்ரி? ஒரு பாட்டு கன்ட்ரியா இல்லையா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தச் சண்டை பழையது. 1968இல் இது உச்சத்தில் இருந்தபோது அதன் நடுவில் நின்றவர் 21 வயது கிராம் பார்சன்ஸ். தானே எழுதிப் பாடியவர். 26 வயதில் இறந்துவிட்டார். தன் பெயரில் அவர் தந்தவை இரண்டே ஆல்பங்கள், அதில் ஒன்று வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 'கன்ட்ரி ராக்' என்ற பெயரைக் கேட்டவுடன் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர்தான். அவர் இறந்த விதமும் அதன் பிறகு நடந்ததும் பெரிய கதையாகிவிட்டதால், பாடல்கள் அந்தக் கதைக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்த்தால் இன்றைய சண்டையும் கொஞ்சம் தெளிவாகும்.

கன்ட்ரிப் பாட்டின் அடிப்படை

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புற வெள்ளையர் பாட்டு என்றுதான் கன்ட்ரியை வழக்கமாக அறிமுகப்படுத்துவார்கள். அது பாதி உண்மை. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி மேடையான 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வியாபாரத்துக்காக வெள்ளையர் பாட்டு, கறுப்பர் பாட்டு என்று தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றன. இன்றுவரை நீடிக்கும் வேலி அங்கிருந்து தொடங்கியது.

இசையாகப் பார்த்தால், பார்சன்ஸைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் போதும்.

1. கதை. பெரும்பாலான கன்ட்ரிப் பாடல்களில் ஒரு ஆள் இருப்பார், ஓர் இடம் இருக்கும், ஒரு இழப்பு இருக்கும். வார்த்தைகள் எளியவை. மெட்டும் எளியது, பெரும்பாலும் மூன்று நான்கு கார்டுகளுக்குள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) முடிந்துவிடும்.

2. இணைக்குரல். முதன்மைக் குரலுக்கு மேலே இன்னொரு குரல் ஒட்டியே நடப்பது. லூவின் பிரதர்ஸ் என்ற சகோதரர்கள் 1950களில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்சன்ஸுக்கு அவர்கள்தான் பாடப்புத்தகம்.

3. பெடல் ஸ்டீல் கிட்டார். மேசை மாதிரி கால்களில் நிற்கும் கருவி. இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டு தந்திகள்மேல் நகரும். காலடியில் உள்ள பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் தந்தியின் இழுவிசையை மாற்றும். ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு வழுக்கிப் போகும். கமகத்துக்குப் பழகிய காது இதைக் கேட்டவுடன் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். கன்ட்ரியின் அழுகை முழுவதும் இந்தக் கருவியில்தான் இருக்கிறது.

1968இல் எது எதற்கு எதிரி

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். ராக் கேட்பவர் என்றால் நீண்ட முடி, போர் எதிர்ப்பு, போதைப்பொருள். கன்ட்ரி கேட்பவர் என்றால் ஒட்ட வெட்டிய முடி, தேவாலயம், தேசபக்தி. இரண்டு பக்கமும் மற்றவர் இசையைத் தொடுவதையே துரோகமாகப் பார்த்தார்கள்.

கன்ட்ரி ராக்கைப் பார்சன்ஸ் தனியாளாகக் கண்டுபிடிக்கவில்லை. பாப் டிலன் 1966இலேயே நாஷ்வில்லில் பதிவு செய்தார். ஜீன் கிளார்க், மைக்கேல் நெஸ்மித், ரிக் நெல்சன் என்று பலர் ஒரே சமயத்தில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். எதிர்த் திசையில் ரே சார்ல்ஸ் 1962இலேயே ஒரு முழு கன்ட்ரி ஆல்பத்தைத் தன் பாணியில் பாடி முடித்திருந்தார். பார்சன்ஸ் செய்தது வேறு. 'கன்ட்ரிக்குள் ராக்கைப் புகுத்தியவர்' என்று அவரைச் சொல்வது வழக்கம். ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் நான் நேர்மாறாகத்தான் சொல்வேன். கன்ட்ரியின் வடிவத்தை அவர் அநேகமாகத் தொடவே இல்லை. மெட்டு, இணைக்குரல், ஸ்டீல், பிடில் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. யாருடைய வாழ்க்கை அந்த வடிவத்துக்குள் வரலாம் என்பதை அவர் மாற்றினார்.

ஆரஞ்சுத் தோட்டத்து வீடு

இயற்பெயர் இங்க்ரம் செசில் கானர். 1946 நவம்பர் 5 அன்று ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவனில் பிறந்தார். தாய் ஏவிஸ், ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் தோட்டங்களால் பெரும் செல்வம் சேர்த்த ஸ்னைவ்லி குடும்பத்துப் பெண். தந்தை இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். ஜார்ஜியாவின் வேக்ராஸ் ஊரில் மாமனாரின் பழப்பெட்டித் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டார். 1956இல் அதே ஊரில் எல்விஸ் பிரெஸ்லியின் கச்சேரியைச் சிறுவன் கிராம் பார்த்திருக்கிறார்.

1958இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தந்தை தற்கொலை செய்துகொண்டார். தாய் ராபர்ட் பார்சன்ஸ் என்பவரை மறுமணம் செய்தார், குடும்பப்பெயர் அங்கிருந்து வந்தது. 1965இல் கிராம் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய அன்றே, குடியால் கல்லீரல் கெட்டிருந்த தாயும் இறந்தார். அந்த ஆண்டு ஹார்வர்டில் சேர்ந்து ஒரே பருவத்தோடு வெளியேறினார்.

இவற்றை இங்கே சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. வீடு, குடி, திரும்பிப் போக முடியாத ஊர் ஆகிய மூன்றும் கன்ட்ரியின் நிரந்தரப் பொருள்கள். பணக்கார வீட்டுப் பையன் ஏழைகளின் பாட்டை வேடம் போட்டுப் பாடுகிறான் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் கடைசிவரை இருந்தது. பணம் அவரிடம் இருந்தது உண்மை. குடும்ப அறக்கட்டளையிலிருந்து ஆண்டுதோறும் வந்தது. அந்தப் பணம் அவருடைய ஒழுங்கைக் கெடுத்தது என்று கூட வாசித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பாடிய துக்கம் மட்டும் கடன் வாங்கியதல்ல.

'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ': குரல் அழிக்கப்பட்ட ஆல்பம்

1968 பிப்ரவரியில் பார்சன்ஸ் பேர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் சேர்ந்தார். அதன் தலைவர் ரோஜர் மெக்வின் தேடிக்கொண்டிருந்தது ஒரு பியானோ கலைஞரை. வந்தவரோ சில வாரங்களில் குழுவையே நாஷ்வில்லுக்கு அழைத்துப் போய்விட்டார்.

மார்ச் 15 அன்று குழு கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறியது. அவர்கள் வளர்த்திருந்த முடிக்கும் அந்த மேடைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. அரங்கிலிருந்து கேலிக் குரல்கள் எழுந்தன. கன்ட்ரி நட்சத்திரம் மெர்ல் ஹேகார்டின் பாடல் ஒன்றைப் பாடினார்கள். அடுத்ததும் ஹேகார்ட் பாடல்தான் என்று, மேடையை நடத்திய டாம்பால் கிளேசர் அறிவித்தும் விட்டார். பார்சன்ஸ் ஒலிவாங்கி முன் வந்து, தன் பாட்டிக்காக வேறொரு பாட்டைப் பாடப்போவதாகச் சொல்லித் தன் சொந்தப் பாடலான 'ஹிக்கரி விண்ட்'டைத் தொடங்கினார். நேரலை வானொலியில் சொன்னதை மாற்றுவது அங்கே பெரிய குற்றம். கிளேசர் கொதித்துப் போனார்.

'ஹிக்கரி விண்ட்' ரயிலில் எழுதப்பட்டது. ஃப்ளோரிடாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் நெடும்பயணத்தில் பாப் புகானன் என்ற நண்பரோடு சேர்ந்து எழுதினார். தூரத்து நகரத்தில் இருப்பவன் தென் கரோலினாவின் பைன் மரங்களையும் சிறுவயதில் ஏறிய ஓக் மரத்தையும் நினைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான் பாட்டு. மெதுவான மூன்றுகால் நடை. புரட்சி என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. 1950இல் யாராவது எழுதியிருக்கலாம் என்று தோன்றும். அதுதான் அதன் துணிச்சல். வேறெந்த ராக் குழுவும் அந்த ஆண்டு இத்தனை வெளிப்படையாக வீட்டை நினைத்து ஏங்கவில்லை.

ஆல்பம் ஆகஸ்டில் வந்தபோது பார்சன்ஸின் குரல் பாதி காணாமல் போயிருந்தது. அவருடைய முந்தைய குழுவான இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட், லீ ஹேசல்வுட்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தம் இன்னும் தன்னிடம்தான் என்று ஹேசல்வுட் சட்டரீதியாகக் கிளம்ப, சில பாடல்களில் பார்சன்ஸின் குரலை நீக்கி மெக்வின் திரும்பப் பாடினார். 'த கிறிஸ்டியன் லைஃப்' என்ற லூவின் பிரதர்ஸ் பாடல் அப்படி மாறியவற்றில் ஒன்று. மெக்வினின் பதிவில் தென்மாநில உச்சரிப்பு வலிந்து ஒட்டவைத்ததாக இருக்கும். பார்சன்ஸ் அதே பக்திப் பாட்டை ஒரு துளி கேலியும் இல்லாமல் பாடியிருந்தார். ஒரே பாட்டின் இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அவரிடம் இருந்தது என்ன என்று வேறு விளக்கமே வேண்டாம்.

ஆல்பம் வருவதற்கு முன்பே அவர் விலகிவிட்டார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் குழுவோடு கச்சேரிக்கு வர மறுப்பதாக லண்டனில் காரணம் சொன்னார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸோடு பொழுதைக் கழிக்கத்தான் தங்கிவிட்டார் என்று சக பேர்ட்ஸ் கலைஞர் கிறிஸ் ஹில்மேன் பிற்காலத்திலும் சொன்னார்.

'த கில்டட் பேலஸ் ஆஃப் சின்': பாவத்தின் அரண்மனை

கோபம் இருந்தும் அதே ஹில்மேனும் பின்னாலேயே பேர்ட்ஸைவிட்டு விலகி, பார்சன்ஸோடு சேர்ந்து ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸைத் தொடங்கினார். 1969 பிப்ரவரியில் முதல் ஆல்பம் வந்தது. என் கணக்கில் பார்சன்ஸ் கைவைத்தவற்றில் இதுதான் சிறந்தது. பில்போர்டு பட்டியலில் இது தொட்ட உயரம் 164ஆம் இடம்.

அட்டைப்படத்தை முதலில் பாருங்கள். நாஷ்வில் நட்சத்திரங்கள் அணியும் பூவேலை செய்த பளபளப்பு உடைகளை நூடி கோன் என்பவரின் ஹாலிவுட் கடை தைத்துக்கொடுத்தது. அங்கே வேலை பார்த்த மெக்சிகோக்காரரான மேனுவல் குவேவாஸ் பார்சன்ஸுக்காக ஒரு வெள்ளை உடை வடிவமைத்தார். முன்பக்கம் கஞ்சா இலைகள். கசகசாப் பூக்கள். கைகளில் தூக்க மாத்திரைகள். காலரின் மடிப்பில் நிர்வாணப் பெண்கள். காற்சட்டையில் மேலேறும் தீப்பிழம்புகள். முதுகில் ஒளிவீசும் பெரிய சிவப்புச் சிலுவை. தையல், வெட்டு, நூல் எல்லாம் மரபுப்படி. பூத்தையலில் சொல்லப்பட்டது மட்டும் அவருடைய வாழ்க்கை. வடிவத்தைத் தொடாமல் உள்ளே இருப்பதை மாற்றினார் என்று மேலே சொன்னது துணியிலேயே தெரிகிறது. அந்த உடை பிறகு நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

பாடல்களிலும் இதே முறைதான்:

1. 'சின் சிட்டி'. பார்சன்ஸும் ஹில்மேனும் ஒரே வீட்டில் தங்கியிருந்தபோது எழுதியது. லூவின் பிரதர்ஸ் பாணி இணைக்குரல், பழைய தேவாலயப் பாட்டின் எச்சரிக்கைத் தொனி. எச்சரிக்கப்படும் ஊர் லாஸ் ஏஞ்சலஸ். நிலநடுக்கம் வந்து எல்லாவற்றையும் விழுங்கப்போகிறது, உன் தங்கக் கதவு உன்னைக் காப்பாற்றாது என்கிறது பாட்டு. பாட்டில் வரும் 31ஆவது மாடிக்காரர், தங்களை ஏமாற்றியதாக ஹில்மேன் கருதிய பேர்ட்ஸ் மேலாளர் லாரி ஸ்பெக்டர். ஊரைச் சுத்தம் செய்ய வந்த நண்பர் என்று வருபவர், 1968 ஜூனில் அதே நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடி. சொந்தப் பணத்தகராறு, அரசியல் படுகொலை, வேதாகமத்துத் தீர்ப்பு நாள் மூன்றும் நான்கு நிமிடத்தில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

2. 'மை அங்கிள்'. போருக்கு ஆள் எடுக்கும் கடிதம் வந்ததும் எழுதியது. மாமா என்பது அமெரிக்க அரசு. பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டி ஓடிவிடலாமா என்று பாடுபவன் யோசிக்கிறான். இசையோ மலைக்கிராமத்து மாண்டலினோடு துள்ளுகிறது. தேசபக்தர்களின் இசையில் ராணுவத்துக்குப் போக மறுக்கும் பாட்டு.

3. 'டூ ரைட் வுமன்', 'டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்'. இரண்டும் சிப்ஸ் மோமன், டேன் பென் எழுதிய, சோல் என்ற கறுப்பின இசைமரபின் பாடல்கள். முதலாவதை அரீதா ஃப்ராங்க்ளினும் இரண்டாவதை ஜேம்ஸ் காரும் 1967இல் பாடிப் புகழாக்கினார்கள். பார்சன்ஸ் இரண்டையும் ஸ்டீல் கிட்டாரோடு கன்ட்ரியாகப் பாடினார். மெட்டில் எதையும் முறிக்க வேண்டியிருக்கவில்லை. கள்ளக்காதல், குற்றவுணர்வு, இரவு மூன்றும் இரண்டு மரபுக்கும் பொதுச்சொத்து. தன் கனவு இசையை அவர் 'காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்' என்று அழைத்தார், கன்ட்ரி ராக் என்ற பெயரை வெறுத்தார். அந்தக் கனவு இந்த இரண்டு பாடல்களில்தான் தெளிவாகக் கேட்கிறது.

4. 'ஹாட் புரிட்டோ நம்பர் 1'. தலைப்புக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. பேஸ் கலைஞர் கிறிஸ் எத்ரிட்ஜோடு சேர்ந்து எழுதியது. விட்டுப் போனவளிடம் பெருமை பேசத் தொடங்கிக் கெஞ்சலில் முடியும். பார்சன்ஸ் நுட்பமான பாடகர் அல்ல. சுருதி நழுவும், உச்சத்தில் குரல் உடையும். இந்தப் பாட்டில் அந்த உடைசல்தான் அர்த்தமே.

ஸ்டீல் வாசித்த 'ஸ்னீக்கி' பீட் கிளைனோவையும் சொல்லியாக வேண்டும். பிழைப்புக்குப் பொம்மைப் படங்களில் அசைவூட்டம் செய்தவர். ராக் கிட்டார்காரர்கள் சத்தத்தைச் சிராய்க்கப் பயன்படுத்தும் ஃபஸ் பெட்டியில் ஸ்டீலைச் செருகி வாசித்தார். ஆல்பத்தில் 'ராக்' என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கன்ட்ரியின் ஆகப் பழகிய கருவியிலிருந்துதான் வருகிறது.

இரண்டாம் ஆல்பமான 'புரிட்டோ டீலக்ஸ்' பலவீனமானது. அதில் முக்கியம் 'வைல்டு ஹார்சஸ்' மட்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பதிவை 1971இல் வெளியிடும் முன்பே, 1970இல் இந்தக் குழு அதை வெளியிட்டுவிட்டது. அந்த ஆண்டே, கச்சேரிக்கு ஒழுங்காக வராத பார்சன்ஸைக் குழு வெளியேற்றியது.

'ஜிபி': எல்விஸின் வாத்தியக்காரர்களோடு

மூன்று ஆண்டு வீணான பிறகு 1973 ஜனவரியில் முதல் தனி ஆல்பம் வந்தது. தயாரிப்பாளராக மெர்ல் ஹேகார்ட் வேண்டும் என்று ஆசைப்பட்டார், கைகூடவில்லை. பதிலுக்கு எல்விஸின் மேடைக் குழுவிலிருந்தே ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினார்: கிட்டாருக்கு ஜேம்ஸ் பர்ட்டன், பியானோவுக்கு கிளென் ஹார்டின், டிரம்ஸுக்கு ரான் டட். வேக்ராஸில் பார்த்த அந்தக் கச்சேரிக்கு அவர் கொடுத்த பதில் இது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் வாஷிங்டன் மதுக்கடைகளில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த எமிலூ ஹாரிஸ். ஹில்மேன் கேட்டுவிட்டுப் பார்சன்ஸிடம் சொன்னார். கன்ட்ரியில் அதுவரை பெரிய ஈடுபாடு இல்லாத அவருக்கு லூவின் பிரதர்ஸையும் ஜார்ஜ் ஜோன்ஸையும் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் பார்சன்ஸ். உடையும் குரலுக்குப் பக்கத்தில் உடையாத குரல் ஒன்று வந்து நின்றது.

இதில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பால்டிமோர்' ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மனைவியின் ஆசைக்காக ஒருவன் நிலத்தை விற்றுவிட்டு பால்டிமோர் நகரத்துக்குக் குடிபோகிறான். ஆலை வேலைக்குப் போய்க் களைத்து வருகிறான். அவளுக்கோ நகரத்தின் விளக்குகள் பிடித்துப்போகின்றன. கடைசியில் அவன் தனியாக ரயிலேறி டென்னசிக்குத் திரும்புகிறான், அவள் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறாள். யாரையும் பாட்டு திட்டுவதில்லை. தெற்கிலிருந்து ஆலை நகரங்களுக்குப் போன லட்சக்கணக்கான குடும்பங்களின் கதையை மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. எழுதியவர்கள் ஹார்லன் ஹோவர்டும் டாம்பால் கிளேசரும். ஆம், ஆப்ரி மேடையில் பார்சன்ஸ் மேல் கொதித்த அதே கிளேசர். ஐந்து ஆண்டுகளில் அவருடைய பாட்டை அவரைவிட மரியாதையாக எடுத்துப் பாடியிருக்கிறார் அந்த முடி வளர்த்த பையன்.

'கிரீவஸ் ஏஞ்சல்': இறந்த பின் வந்த ஆல்பம்

1973 கோடையில் பதிவானது, 1974 ஜனவரியில் வெளிவந்தது. புதுப் பாடல்கள் குறைவு, பழைய பெட்டியைக் கிளறி எடுத்தவை அதிகம். ஆனாலும் ஒரே மூச்சில் எழுதியதுபோல் ஓடுகிறது.

'ரிட்டர்ன் ஆஃப் த கிரீவஸ் ஏஞ்சல்' பாட்டின் வரிகள் பார்சன்ஸுடையவை அல்ல. பாஸ்டனில் டாம் பிரவுன் என்ற இளம் கவிஞர் கொடுத்த தாளில் இருந்தவை. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு ஒருத்தியிடம் திரும்பும் பயணியின் பாட்டு. முன்பின் தெரியாதவர் எழுதியதாக இருந்தும் பார்சன்ஸின் சுயசரிதையாகவே எல்லோரும் கேட்கிறார்கள்.

'பிராஸ் பட்டன்ஸ்' தாயைப் பற்றியது. தாய் இறந்த காலத்தையொட்டி, இருபது வயதுகூட ஆகாதபோது எழுதியது. பித்தளைப் பொத்தான்கள், பச்சைப் பட்டு, வெள்ளிச் செருப்பு என்று அவள் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. குடி ஓர் இடத்தில் லேசாகத் தலைகாட்டிப் போகிறது. மரணத்தைப் பேசவே இல்லை. எட்டு ஆண்டுகள் கையில் வைத்திருந்து இந்த ஆல்பத்தில்தான் சேர்த்தார்.

'தௌசண்ட் டாலர் வெட்டிங்' அவர் எழுதியவற்றில் மிகக் கடினமான பாட்டு. மணமகன் காத்திருக்கிறான், மணமகள் வரவில்லை. ஓடிப்போனாளா, இறந்துவிட்டாளா என்று பாட்டு தெளிவாகச் சொல்ல மறுக்கிறது. நண்பர்கள் அவனைக் குடிக்க அழைத்துப் போகிறார்கள். முடிவில் கேட்பது கல்யாணப் பேச்சா, சாவுவீட்டுப் பேச்சா என்று பிரிக்க முடியாது. தன் மகளின் தாயோடு ஆடம்பரமாகத் திட்டமிட்டு நடக்காமலே போன கல்யாணம்தான் இதன் விதை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கைவிட்டவர் அவர். பாட்டில் கைவிடப்பட்டவனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு 'இன் மை அவர் ஆஃப் டார்க்னஸ்', எமிலூவோடு சேர்ந்து எழுதியது. ஒவ்வொரு சரணமும் இறந்துபோன ஒரு நண்பருக்கு. முதலாவது, 1972 ஜூலையில் டென்வர் அருகே சாலை விபத்தில் இறந்த நடிகர் பிராண்டன் டிவைல்டு. இரண்டாவது, பேர்ட்ஸின் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட். 1973 ஜூலையில், கச்சேரி முடிந்து கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது குடிபோதையில் வந்த ஒருவரின் கார் மோதி இறந்தார். மூன்றாவது, சிட் கைசர் என்ற மூத்த நண்பர். பல்லவி கடவுளிடம் வழி கேட்கும் சாதாரணத் தேவாலயப் பாட்டு. சில வாரங்களில் நான்காவது சரணம் தேவைப்பட்டது.

பிணத் திருட்டுக் கதை, சுருக்கமாக

1973 செப்டம்பர் 19 அன்று, கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தருகே ஒரு விடுதியில் மார்ஃபினும் மதுவும் சேர்ந்ததால் மரணம். கிளாரன்ஸ் ஒயிட்டின் இறுதிச்சடங்கில், தான் இறந்தால் அந்தப் பாலைவனத்தில் எரித்துவிடு என்று மேலாளர் ஃபில் காஃப்மேனிடம் சொல்லியிருந்தாராம். காஃப்மேனும் ஒரு நண்பரும் விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கடத்திப்போய், கேப் ராக் பாறையருகே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிணத்தைத் திருடியதற்கு அப்போது சட்டம் இல்லாததால், பெட்டியைத் திருடியதற்காக அபராதம் மட்டும் விதித்தார்கள். மிஞ்சியது லூசியானாவில் புதைக்கப்பட்டது. 50 ஆண்டுகளாக அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். 'பிராஸ் பட்டன்ஸ்' எழுதியவருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதனால் நிகழ்ந்தவை

1. எமிலூ ஹாரிஸ். 'கிரீவஸ் ஏஞ்சல்' அட்டையில் பார்சன்ஸோடு இருக்க வேண்டிய அவருடைய படத்தைப் பார்சன்ஸின் மனைவி நீக்கச் செய்தார். எமிலூ 1975 முதல் தன் ஆல்பங்களில் பார்சன்ஸின் பாடல்களையும், எல்விஸின் அதே வாத்தியக்காரர்கள் சிலரையும் கொண்டுவந்தார். நாஷ்வில் பார்சன்ஸிடம் ஏற்க மறுத்ததை எமிலூவிடம் ஏற்றுக்கொண்டது. 2008இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2025 வரை பார்சன்ஸைச் சேர்க்கவில்லை.

2. ஈகிள்ஸ். புரிட்டோ பிரதர்ஸில் இருந்த பெர்னி லெடன் ஈகிள்ஸின் நிறுவனர்களில் ஒருவர். பார்சன்ஸின் ஆல்பங்கள் விற்காத அதே ஆண்டுகளில் இந்த இசையின் மழித்து மெருகேற்றிய வடிவம் கோடிக்கணக்கில் விற்றது. 'கன்ட்ரி ராக்' என்றதும் பெரும்பாலோருக்கு நினைவு வருவது இந்த ஓசைதான். நல்ல பாடல்கள்தான், ஆனால் அந்த உடையும் குரல் அதில் இல்லை.

3. அடுத்த தலைமுறை. பங்க் அலையில் வந்த ஆங்கிலேயர் எல்விஸ் காஸ்டெல்லோ 1981இல் நாஷ்வில் போய் ஒரு கன்ட்ரி ஆல்பம் செய்தபோது பார்சன்ஸின் இரண்டு பாடல்களைப் பாடினார். 1990களின் 'ஆல்ட்-கன்ட்ரி' குழுக்கள் பலவும் அவரை முன்னோடியாகச் சொன்னார்கள்.

4. இன்றைய வழக்கு. 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்தில் லிண்டா மார்ட்டெலின் குரல் வருகிறது. ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண், ஆண்டு 1969. பார்சன்ஸ் அரீதாவின் பாட்டை ஸ்டீல் கிட்டாரோடு பாடியதும் அதே ஆண்டுதான். ஆனால் இரண்டு வழக்கும் சமம் அல்ல. பார்சன்ஸை வெளியே நிறுத்தியது முடியும் போதைப்பழக்கமும் அவருடைய சொந்த ஒழுங்கின்மையும். மார்ட்டெலை வெளியே நிறுத்தியது நிறம். முடியை வெட்டிக்கொண்டால் பார்சன்ஸ் உள்ளே போயிருக்கலாம். வாசலில் நிற்பவர் கேட்ட கேள்வி மட்டும் இருவருக்கும் பொது: நீ எந்த ஆள்? பாட்டு எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

எங்கே தொடங்குவது

முதலில் 'கில்டட் பேலஸ்'. கேட்டு முடித்த அதே நாளில் அரீதா, ஜேம்ஸ் கார் பதிவுகளையும் கேளுங்கள். அடுத்து 'கிரீவஸ் ஏஞ்சல்', பிறகு 'ஜிபி'. 'ஸ்வீட்ஹார்ட்' ஆல்பத்துக்கு மட்டும் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். அசல் 1968 வடிவத்தில் மெக்வின் திரும்பப் பாடியவைதான் இருக்கும். நீக்கப்பட்ட பார்சன்ஸின் குரல்பதிவுகள் சில 1990இல் வந்த பேர்ட்ஸ் பெட்டித் தொகுப்பில் முதலில் வெளிவந்தன. 2003இன் இரட்டை வட்டுப் பதிப்பில் 'த கிறிஸ்டியன் லைஃப்' உட்பட அவர் பாடியபடியே இருக்கின்றன.